துணை வினாவின் வரலாறு: இந்திய நாடாளுமன்றத்தில் வினா நேரம் (1892–2021)

ஆய்வுச் சுருக்கம்

இந்திய நாடாளுமன்றத்தின் அன்றாட அலுவல்களுள் முதலாவதாக இடம்பெறுவது வினா நேரம். 1892ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தின்வழி அரும்பிய இவ்வுரிமை, 1909, 1919 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் விரிவடைந்து, விடுதலைக்குப் பின்னர் மக்களவை, மாநிலங்களவை ஆகிய இரண்டின் நடைமுறை விதிகளிலும் நிலைபெற்றது. வினா கேட்கும் உரிமையைக் காட்டிலும், பெற்ற விடையின்மீது மீண்டும் வினவும் உரிமையே, அதாவது துணை வினாவே, இந்நிறுவனத்தின் உயிர்நாடி என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. முந்த்ரா விவகாரம் (1957–58), வினாவுக்குக் கையூட்டுப் பெற்ற நிகழ்வுகள் (1951, 2005), 2020ஆம் ஆண்டு மழைக்காலக் கூட்டத்தொடரில் வினா நேரம் கைவிடப்பட்டமை ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: வினா நேரம், துணை வினா, உடுக்குறியிட்ட வினா, நடைமுறை விதிகள், கூட்டுப் பொறுப்பு, உறுதிமொழிக் குழு.

முன்னுரை

அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று இந்திய அரசியலமைப்பின் 75(3)ஆம் உறுப்பு கூறுகிறது. ஆனால் அப்பொறுப்பு நாள்தோறும் எவ்வாறு நிறைவேற்றப்படவேண்டும் என்பதை அவ்வுறுப்பு விரித்துரைப்பதில்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் அரிதாகவே வருவது. வரவு செலவுத் திட்ட விவாதம் ஆண்டுக்கு ஒருமுறை நிகழ்வது. அவை கூடும் நாள்தோறும் அமைச்சர் எழுந்து நின்று விடை கூறவேண்டிய கட்டாயத்தை உண்டாக்குவது வினா நேரம் ஒன்றே. இவ்வளவு முதன்மை வாய்ந்த இந்நிறுவனத்திற்கு அரசியலமைப்பில் நேரடியான இடம் இல்லை. 118ஆம் உறுப்பின்கீழ் ஒவ்வோர் அவையும் தனக்கென வகுத்துக்கொண்ட நடைமுறை விதிகளே அதற்கு அடிப்படை. இம்முரணின் வரலாற்று வேர்களையும் விளைவுகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

குடியேற்ற ஆட்சியில் வினாவுரிமையின் தோற்றம்

நாடாளுமன்றத்தில் அரசை வினவும் மரபு பிரித்தானியாவில் தோன்றியது. 1721ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், தென்கடல் கும்பினியின் காசாளர் நாட்டை விட்டுத் தப்பியோடியது குறித்துக் கௌப்பர் பிரபு பிரபுக்கள் அவையில் எழுப்பிய வினாவே பதிவு பெற்றவற்றுள் முதலாவது எனக் கருதப்படுகிறது. நிதி முறைகேடு ஒன்றைப் பற்றிய ஐயத்திலிருந்தே இம்மரபு தொடங்கியது என்பது கருதத்தக்கது.

இந்தியாவில் 1853ஆம் ஆண்டின் பட்டயச் சட்டத்தால் அமைந்த சட்டமியற்றும் கவுன்சில், ஆட்சித்துறையின் செயல்களை வினவும் போக்கினை மேற்கொண்டது. ஆட்சியாளர் அதனை விரும்பவில்லை. 1861ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டம், கவுன்சிலின் பணியைச் சட்டமுன்வடிவுகளை ஆராய்வதோடு நிறுத்திக்கொண்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வினாவுக்கு இடமில்லாமற் போயிற்று.

1892ஆம் ஆண்டின் சட்டம் வினா கேட்க வழிவகுத்தது; ஆயினும் கடுமையான வரம்புகளை விதித்தது. முன்னறிவிப்புத் தேவை, தலைவர் வினாவை மறுக்கலாம், பெற்ற விடையின்மீது விவாதம் கூடாது, துணை வினாவும் கூடாது. இச்சட்டத்தின்கீழ் 1893ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிங்கா அரசர் முதல் வினாவை எழுப்பினார். சுற்றுப்பயணம் செல்லும் அரசு அலுவலர்களின் முகாம்களுக்குப் பொருள் திரட்டும் முறையால் கிராமக் கடைக்காரர்கள் அடையும் இன்னல் பற்றியது அவ்வினா. வினவியவர் ஒரு நிலவுடைமையாளர். வினவப்பட்டது எளியோரின் துன்பம். அரசு கூறியதைக் கேட்டுக்கொண்டு அமர்வதைத் தவிர உறுப்பினருக்கு அன்று வேறு வழியில்லை.

1909ஆம் ஆண்டின் மிண்டோ–மார்லி சீர்திருத்தம் துணை வினாவை ஏற்றுக்கொண்டது. எனினும் மூல வினாவைக் கேட்ட உறுப்பினருக்கு மட்டுமே அவ்வுரிமை உரியதாயிற்று. 1919ஆம் ஆண்டின் மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்திற்குப் பின்னரே அது உறுப்பினர் அனைவருக்கும் விரிந்தது. இவ்விரு படிநிலைகளுக்கும் இடையிலான வேறுபாடு சிறிதன்று. தனியொருவரின் ஐயமாக இருந்த வினா, அவை முழுவதற்கும் உரிய விசாரணையாக மாறியது 1919க்குப் பின்னர்தான்.

மத்திய சட்டப்பேரவையும் சத்தியமூர்த்தியும்

1921இல் செயற்படத் தொடங்கிய மத்திய சட்டப்பேரவைக்கு 1925இல் விட்டல்பாய் படேல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவரானார். அப்பேரவையில் பெரும்பான்மை எத்தரப்பில் இருந்தாலும் அரசை நீக்க இயலாது. தலைமை ஆளுநரின் நிருவாகக் குழு பேரவைக்குப் பொறுப்புடையதன்று. தீர்மானங்கள் நிறைவேறினாலும் அரசு அவற்றைப் புறக்கணிக்கலாம். நிராகரிக்கப்பட்ட நிதிக் கோரிக்கைகளைத் தலைமை ஆளுநர் மீட்டளிக்கலாம். இத்தகைய சூழலில் அரசு தட்டிக்கழிக்க முடியாத ஒரே கடமை விடை கூறுவதாக இருந்தது. ஆகவே தேசிய இயக்கத்தினர் வினா நேரத்தைத் தம் முதன்மைக் கருவியாக்கிக் கொண்டனர்.

இவ்வகையில் தமிழகத்தைச் சேர்ந்த எஸ். சத்தியமூர்த்தியின் பங்கு குறிப்பிடத்தக்கது. 1934ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னையிலிருந்து மத்திய சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், துணை வினாக்களை அடுக்கடுக்காகத் தொடுத்து அரசுத் தரப்பைத் திணறச் செய்தவர் எனப் பெயர் பெற்றார். எழுதி அணியமாக்கப்பட்ட விடையை அதிகாரி படித்து முடித்த பின்னரே உண்மையான விசாரணை தொடங்குகிறது என்பதை அவர்தம் முறை உணர்த்தியது. எழுத்து விடை துறை அலுவலகத்தில் உருவாவது. துணை வினாவுக்கான விடையோ அவையில், எதிரில் நிற்பவரின் அறிவையும் நேர்மையையும் நம்பி உருவாவது. அரசை வீழ்த்த இயலாத ஓர் அவையில் வளர்ந்த இக்கலையே, அரசை வீழ்த்தவல்ல அவை ஒன்று அமைந்தபோது அதற்கு மரபுரிமையாகக் கிடைத்தது.

நடைமுறை விதிகளில் வினா நேரம்

1952ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் முதல் மக்களவை கூடியது. அதன் முதல் தலைவர் ஜி. வி. மாவ்லங்கர். மக்களவை விதி 32, அவைத்தலைவர் வேறு வகையாக ஆணையிட்டாலன்றி, ஒவ்வோர் அமர்வின் முதல் ஒரு மணி நேரம் வினா விடைக்கு உரியது எனக் கூறுகிறது. காலை 11 மணிக்கு அவை கூடியதும் வினா நேரம் தொடங்கும். குடியரசுத்தலைவர் உரையாற்றும் நாளிலும், வரவு செலவுத் திட்டம் முன்வைக்கப்படும் நாளிலும் அது இடம்பெறுவதில்லை. நண்பகலில் ஆவணங்கள் மேசைமீது வைக்கப்படுகின்றன. அதனைத் தொடர்ந்து வரும் ‘நேரமில்லா நேரம்’ 1960களில் வழக்கில் வளர்ந்ததேயன்றி விதிகளில் இடம்பெற்றதன்று. சட்டமியற்றும் அலுவல்கள் அதன் பின்னரே தொடங்குகின்றன. மாநிலங்களவையில் இடையூறுகளால் வினா நேரம் தொடர்ந்து பாழானமையின், 2014 நவம்பர் முதல் அது நண்பகல் 12 மணிக்கு மாற்றப்பட்டது.

வினாக்கள் மூவகைப்படும். வாய்மொழி விடை கோருவது உடுக்குறியிட்ட வினா. நாளிதழ்கள் இதனை நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்று எழுதும். எழுத்து விடை மட்டும் கோருவது உடுக்குறியில்லா வினா; இதன்மீது துணை வினா எழுப்ப இயலாது. அவசரப் பொதுநலன் கருதி, பத்து நாள்களுக்கும் குறைவான முன்னறிவிப்பில், அமைச்சரின் இசைவோடு எழுப்பப்படுவது குறுகிய கால அறிவிப்பு வினா. மக்களவையில் ஒரு நாளுக்கு 20 உடுக்குறியிட்ட வினாக்களும் 230 உடுக்குறியில்லா வினாக்களும் பட்டியலிடப்படுகின்றன. மாநிலங்களவையில் இவை முறையே 15, 160 ஆகும். அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பகுக்கப்பட்டு, வாரத்தின் ஐந்து நாள்களுக்கும் பங்கிடப்படுகின்றன. முன்னுரிமை குலுக்கல் முறையில் முடிவு செய்யப்படுவதால், ஆளும் கட்சியின் மூத்தவர்க்கும் ஓர் உறுப்பினரே உள்ள சிறு கட்சிக்கும் வாய்ப்பு ஒன்றே.

வினாவின் உள்ளடக்கத்தை விதி 41 வரையறுக்கிறது. வாதம், அனுமானம், எள்ளல், குற்றச்சாட்டு, அவதூறு ஆகியவை வினாவில் இடம்பெறலாகாது. கருத்துரையைக் கோருதல், கற்பனையான சூழலை முன்வைத்தல், நீதிமன்ற விசாரணையில் உள்ள பொருளை எழுப்புதல் ஆகியவையும் கூடா. இவ்வரம்புகளால் வினா செய்தி கோருவதாக மட்டுமே தோற்றமளிக்கும். ஆனால் அவையில் நிகழ்வது வேறு. அவைத்தலைவர் பெயரை அழைத்ததும் உறுப்பினர் எழுந்து வினாவின் எண்ணை மட்டும் கூறுகிறார். அறிக்கை மேசைமீது வைக்கப்படுவதாக அமைச்சர் பல வேளைகளில் ஒரே தொடரில் விடையளிக்கிறார். சில நொடிகளில் இச்சடங்கு முடிந்துவிடும். எஞ்சிய நேரமனைத்தும் துணை வினாக்களுக்கே செலவாகிறது. விதி 50இன்படி, அவைத்தலைவர் அழைக்கும் எந்த உறுப்பினரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளத் துணை வினா எழுப்பலாம். வழக்கில், மூல வினாவுக்குரியவருக்கு முதலில் இரண்டு துணை வினாக்களுக்கு வாய்ப்பளிக்கப்படுகிறது.

ஒரு மணி நேரத்தில் பொதுவாக ஐந்தாறு வினாக்களே வாய்மொழியாக விடை பெறுகின்றன. எஞ்சியவை எழுத்து விடைகளாகக் கருதப்பட்டு மேசைமீது வைக்கப்படுகின்றன. 2019 நவம்பர் 27 அன்று பட்டியலிலிருந்த 20 வினாக்களும் எடுத்துக்கொள்ளப்பட்டமை அரிய நிகழ்வாகப் பேசப்பட்டது. எனினும் வினாக்களின் எண்ணிக்கையைக் கொண்டு வினா நேரத்தின் வெற்றியை அளத்தல் பொருந்தாது. இருபதும் முடிந்தன என்றால் ஒவ்வொன்றிற்கும் மூன்று மணித்துளிகளே கிடைத்தன என்பதே பொருள். ஆழமான ஒரு விசாரணை பத்து வினாக்களுக்கான நேரத்தை விழுங்கலாம். அதில் இழப்பேதும் இல்லை.

விடையின் பின்தொடர்ச்சி குறித்தும் அவை சிந்தித்துள்ளது. ‘தகவல் திரட்டப்படுகிறது, பின்னர் மேசைமீது வைக்கப்படும்’ என்னும் வாய்பாட்டு விடைகள் பெருகியமையால், 1953 டிசம்பரில் அரசு உறுதிமொழிகள் குழுவை மாவ்லங்கர் அமைத்தார். அவையில் தரப்படும் உறுதிமொழி மூன்று மாதத்திற்குள் நிறைவேற்றப்படவேண்டும் என்பது நெறி. விடை போதாதபோது விதி 55இன்கீழ் அரைமணி நேர விவாதம் கோரவும் வழியுண்டு.

வினாவிலிருந்து பதவி விலகல் வரை: முந்த்ரா விவகாரம்

துணை வினாவின் ஆற்றலுக்கு முந்த்ரா விவகாரமே தலைசிறந்த சான்று. 1957 ஜூன் மாதம் அரசுடைமையான ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகருக்குத் தொடர்புடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ ரூ.1.26 கோடிக்கு வாங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் காங்கிரசு உறுப்பினர் ராம் சுபக் சிங் இதுகுறித்து மக்களவையில் வினா எழுப்பினார். கிடைத்த விடை தெளிவாக இல்லை. நவம்பர் 29 அன்று வினா மீண்டும் வந்தபோது நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி விடையளித்தார், துணை வினாக்கள் நெருக்கின. டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி விவாதத்தைத் தொடங்கி வைத்துப் பரிவர்த்தனையின் விவரங்களை அவைமுன் அடுக்கினார். 1958 ஜனவரியில் நீதிபதி எம். சி. சக்ளாவின் ஒருநபர் ஆணையம் வெளிப்படையாக விசாரணை நடத்தியது. பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவி விலகினார்.

இந்நிகழ்வில் இரண்டு கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது, வினவியவர்கள் எதிர்க்கட்சியினர் அல்லர்; ஆளும் கட்சியினரே. பெரோஸ் காந்தி பிரதமரின் மருமகன். கட்சிக் கட்டுப்பாட்டை மீறி வாக்களிக்கத் துணியாத உறுப்பினரும் வினா நேரத்தில் தம் அரசையே வினவ இயலும் என்பதை இது காட்டுகிறது. இரண்டாவது, முதல் விடையோடு செய்தி முடிந்திருந்தால் பங்குகள் வாங்கப்பட்டது ஒரு வணிக முடிவாகவே கோப்பில் உறங்கியிருக்கும். விடைகளுக்கு இடையிலிருந்த இடைவெளியே உண்மையை வெளிக்கொணர்ந்தது; அந்த இடைவெளியைக் காணத் தொடர்ந்து வினவும் உரிமை தேவைப்பட்டது.

வினா விற்பனைப் பொருளானபோது

அரசின் செயலை வெளிக்கொணரும் கருவிக்குச் சந்தையில் விலை உண்டு. இடைக்கால நாடாளுமன்றத்தின் உறுப்பினரான எச். ஜி. முட்கல், பம்பாய்ப் பொன் வெள்ளி வணிகர் சங்கத்திடமிருந்து பணம் பெற்றுக்கொண்டு அவர்களுக்காக நாடாளுமன்றத்தில் வினா எழுப்புதல் முதலிய பணிகளை மேற்கொண்டார் என்ற குற்றச்சாட்டு 1951இல் எழுந்தது. அதனை ஆராய அமைந்த குழுவில் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் இடம்பெற்றிருந்தார். குழு அவரது நடத்தையை அவையின் மாண்புக்கு முரணானதாகக் கண்டது. நீக்கத் தீர்மானத்தின்மீது அவை முடிவெடுக்குமுன் முட்கல் பதவி விலகினார். வினாவின் தூய்மையைக் காக்க அமர்ந்தவர்களுள் ஒருவர், ஆறாண்டுகள் கழித்து வினாவின் கூர்மையால் பதவியிழந்தார் என்பது இந்நிறுவனத்தின் வரலாற்றில் ஒரு முரண்நகை.

2005 டிசம்பரில் வினா எழுப்பப் பணம் பெற்றதாகத் தொலைக்காட்சிவழி வெளிப்பட்ட செய்தியின் விளைவாக, மக்களவை உறுப்பினர் பதின்மரும் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரும் டிசம்பர் 23 அன்று நீக்கப்பட்டனர். அவைக்கு இத்தகைய நீக்க அதிகாரம் உண்டென்பதை உச்ச நீதிமன்றம் 2007 ஜனவரியில் ராஜா ராம் பால் வழக்கில் உறுதி செய்தது. பணம் பெற்று எழுப்பப்பட்ட வினாவும் விதி 41ஐ முழுமையாக நிறைவு செய்யக்கூடும். எனவே வினாவின் தூய்மையை வடிவ விதிகள் காக்க முடியாது. உறுப்பினரின் நேர்மையும் அவையின் தற்கட்டுப்பாடுமே காக்கவேண்டியுள்ளது.

உறுப்பினரின் அக்கறையின்மையும் ஒரு வகைச் சீர்கேடே. 2009 நவம்பர் 30 அன்று பட்டியலில் பெயர் இடம்பெற்ற உறுப்பினர் பலர் வராமையால் மக்களவையின் வினா நேரம் இடையிலேயே முடிவுற்றது. உறுப்பினர் வராவிடினும் அவருடைய வினாவுக்கு விடை பெற இடமளிக்கும் வகையில் பின்னர் விதி திருத்தப்பட்டது. 1994 டிசம்பர் முதல் நேரலையாக ஒளிபரப்பாகிவரும் ஒரு நிகழ்வில் இது நேர்ந்தது என்பது, மக்கள் காண்பது மட்டுமே உறுப்பினரைக் கடமையில் நிறுத்தாது என்பதற்குச் சான்று.

வினா நேரம் இல்லாத அவை

விதி 32இல் உள்ள ‘அவைத்தலைவர் வேறு வகையாக ஆணையிட்டாலன்றி’ என்னும் தொடர் நெருக்கடிக் காலங்களில் பொருள் பெறுகிறது. 1962இல் சீனப் போரின்போது வினா நேரம் கைவிடப்பட்டது. 1975 ஜூலையில், நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையிலிருந்த நிலையில், அவ்வாறே செய்யப்பட்டது. இவ்விரண்டையும் ஒரு தட்டில் வைத்தல் பொருந்தாது. முன்னதில் அயலார் படையெடுப்பு. பின்னதில் விடை கூறவேண்டிய அரசே நெருக்கடியை அறிவித்த தரப்பு. எனினும் இரண்டிற்கும் இடமளித்தது ஒரே விதியின் ஒரே நெகிழ்ச்சியே.

2020 செப்டம்பர் 14 அன்று பெருந்தொற்றுக்கிடையே மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கியது. இரு அவைகளும் வெவ்வேறு நேரங்களில் கூடின. வினா நேரம் கைவிடப்பட்டது. எழுத்து விடைகள் மட்டும் தரப்பட்டன. நேரக்குறைவும், அமைச்சர்களுக்கு உதவ அதிகாரிகள் திரளவேண்டியிருப்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன. இவற்றைப் பொருளற்றவை என ஒதுக்குவதற்கில்லை. ஆயினும் பிரித்தானியப் பொதுமக்கள் அவை 2020 ஏப்ரலிலேயே காணொலிவழிப் பங்கேற்பை ஏற்பாடு செய்து வாய்மொழி வினாக்களைத் தொடர்ந்தது என்பதையும் உடன்வைத்து நோக்கவேண்டும்.

இம்மாற்றத்தின் விளைவு முதல் நாளிலேயே வெளிப்பட்டது. பொதுமுடக்கக் காலத்தில் சொந்த ஊர் திரும்பும் வழியில் உயிரிழந்த புலம்பெயர் தொழிலாளர் குறித்து எழுப்பப்பட்ட வினாவுக்கு, அத்தகைய தரவு பேணப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்துவழி விடையளித்தது. ஆகவே இழப்பீடு குறித்த வினா எழவில்லை என்றும் கூறியது. ஏன் பேணப்படவில்லை, மாநிலங்களிடம் கேட்கப்பட்டதா, இனியேனும் திரட்டப்படுமா என்பன இயல்பாக எழும் துணை வினாக்கள். அவற்றைக் கேட்க அவையில் இடமில்லை. ஊடகங்கள் அவ்விடையைக் கண்டித்தன. ஆனால் ஊடகத்திற்கு விடை கூறுவது அமைச்சரின் விருப்பம், அவைக்கு விடை கூறுவது கடமை. 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டக் கூட்டத்தொடரில் வினா நேரம் மீண்டது.

1893இல் கிராமக் கடைக்காரர்களின் இன்னல் குறித்த வினாவையும் 2020இல் புலம்பெயர் தொழிலாளர்களின் இறப்புக் குறித்த வினாவையும் ஒப்பிடலாம். முன்னது பொறுப்பற்ற குடியேற்ற அரசை நோக்கியது. பின்னது மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை நோக்கியது. அரசுகளின் தன்மையில் பெரும் வேறுபாடு உண்டு. நடைமுறையின் வடிவில் மட்டும் இரண்டும் ஒன்றே: வினா உண்டு, விடை உண்டு, விடைமீது வினா இல்லை.

முடிவுரை

இவ்வாய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, வினாவுரிமையின் வளர்ச்சி என்பது துணை வினாவின் வளர்ச்சியே. 1892, 1909, 1919 ஆகிய படிநிலைகள் அதனையே காட்டுகின்றன. இரண்டாவதாக, எழுத்து விடையை வாய்மொழி விடைக்கு ஈடாகக் கருதுதல் பிழை; முந்த்ரா விவகாரத்தில் வெளிப்பட்டதும், 2020இல் வெளிப்படாமற் போனதும் இவ்வேறுபாட்டை உணர்த்துகின்றன. மூன்றாவதாக, அரசியலமைப்பின் கூட்டுப் பொறுப்பை நாள்தோறும் செயற்படுத்தும் இந்நிறுவனம், அவைத்தலைவரின் ஆணையொன்றால் விலக்கத்தக்கதாக உள்ளது. அதனைக் கைவிடுவதற்குரிய காரணங்களையும் கால வரம்பையும் அவையின் ஒப்புதலையும் விதியிலேயே வரையறுத்தல், இந்நிலையை மாற்றும் எளிய வழியாகும். ஒரு நூற்றாண்டிற்கும் மேலாகப் படிப்படியாகப் பெறப்பட்ட உரிமை, ஒரு கூட்டத்தொடரின் அலுவல் பட்டியலைச் சுருக்கும் தேவையால் நழுவலாகாது.